விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது

1950-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் இரண்டு விஞ்ஞானிகளின் தலையெழுத்து மாறியது. இருவரும் பிறந்த நாட்டை விட்டு வந்தவர்கள். இருவரையும் வந்த இடத்து அரசுகள் விசாரித்தே பொறுப்பில் அமர்த்தியிருந்தன.

ஒருவர், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்து பிரிஸ்டலில் முனைவர் பட்டம் பெற்ற கிளாஸ் ஃபுக்ஸ். 1942-இல் பிரிட்டன் அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. அணுகுண்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டு லாஸ் அலமோஸ் வரை அனுப்பியது. அவரைப் பற்றிய விசாரணைகள் அவரைத் தடுக்கவில்லை. 1950 ஜனவரியில், சோவியத் உளவுத்துறைக்கு ஆண்டுக்கணக்காக ரகசியங்களைக் கொடுத்து வந்ததை அவரே ஒப்புக்கொண்டார். மார்ச் 1 அன்று 14 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

மற்றவர் சீனத்தைச் சேர்ந்த சியான் சூசென். 1935-இல் உதவித்தொகையில் அமெரிக்கா வந்து, கால்டெக்கில் தியோடர் வான் கார்மனிடம் ஆய்வு செய்தவர், இன்று ஜே.பி.எல். என்று உலகம் அறியும் ராக்கெட் ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். போர் முடிந்த கையோடு ஜெர்மன் ராக்கெட் விஞ்ஞானிகளை விசாரிக்க அமெரிக்க ராணுவம் அவரைக் கர்னல் அந்தஸ்தில் அனுப்பியது. 1949-இல் அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். 1950 ஜூனில், 1930-களில் கம்யூனிஸ்ட் கூட்டங்களுக்குப் போனார் என்ற சந்தேகத்தில் அவருடைய பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. உளவு பார்த்ததாக அவர்மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. சில நாள் காவலில் வைத்தார்கள். பிறகு ஐந்தாண்டுகள் கண்காணிப்பில் முடக்கினார்கள். 1955 செப்டம்பரில் கப்பலேற்றி அனுப்பினார்கள். சீனத்தின் ஏவுகணைத் திட்டம் அவர் தலைமையில்தான் எழுந்தது.

வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களின் பின்னணியை அரசுகள் ஆராய்வதைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. உள்ளே விடக் கூடாதவரை விட்டதும் சோதனைதான், விட்டுவிடக் கூடாதவரைத் துரத்தியதும் சோதனைதான். மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு. பாகிஸ்தானின் அப்துல் காதிர் கான் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் உலோகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1972-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். யுரேனியம் செறிவூட்டும் யுரென்கோ நிறுவனத்துக்காக வேலை செய்த ஆய்வகம் அது. அங்கிருந்து மையவிலக்குக் கருவிகளின் வடிவமைப்பு அவரோடு பாகிஸ்தானுக்குப் போனது. பிற்பாடு அவரது வலைப்பின்னல் வழியாக ஈரான், லிபியா, வடகொரியா என்று பரவியது. ஆகவே, ஆய்வாளர்களைச் சோதிப்பதே அநீதி என்று யாராவது சொன்னால் அது நிற்காத வாதம். அரசுக்கு அந்த உரிமையும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

சோதனை எப்படி நடக்கிறது, எவ்வளவு காலம் நடக்கிறது, யாருக்குப் பதில் சொல்கிறது என்பவைதான் கேள்விகள். இன்று இந்தக் கேள்விகள் மிகக் கூர்மையாக எழும் நாடு கனடா. நிரந்தர வதிவுரிமை கொடுத்துத் திறமையாளர்களை அழைப்பதைத் தேசியக் கொள்கையாகவே வைத்திருக்கும் நாடு அது.

கனடாவில் பி.ஆர். எனப்படும் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பம் போடுகிறவர் தம் வாழ்க்கையைத் தேதி வாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் படித்தது, வேலை பார்த்தது, வேலையில்லாமல் இருந்தது என எதையும் இடைவெளி விடாமல் நிரப்ப வேண்டும். குடியிருந்த முகவரிகள், சேர்ந்திருந்த சங்கங்கள், ராணுவத்திலோ காவல்துறையிலோ இருந்திருந்தால் எந்தப் பிரிவு, யார் மேலதிகாரி என்பவையும் கேட்கப்படும். ஆய்வாளராக இருந்தால் பெரும்பாலும் இன்னொரு கடிதமும் வரும்: ஆய்வுப் பொருள் என்ன, வழிகாட்டி யார், பணம் கொடுத்தது யார், இதுவரை வெளியான கட்டுரைகள் எவை என்று.

இவை மூன்று கைகளுக்குப் போகின்றன. விண்ணப்பத்தைப் பெற்று முடிவெடுப்பது குடிவரவுத் துறை. கனடா எல்லைச் சேவைகள் முகமையும், சீசிஸ் என்று அழைக்கப்படும் உளவுச் சேவையும் அதற்கு ஆலோசனை சொல்கின்றன. சட்டப்படி சீசிஸ் யாரையும் மறுப்பதும் இல்லை, ஏற்பதும் இல்லை. ஆலோசனை மட்டுமே சொல்கிறது. ஆனால் அந்த ஆலோசனை வரும்வரை கோப்பு நகராது. ஆலோசனை எத்தனை நாளில் வர வேண்டும் என்று குடிவரவுச் சட்டத்தில் எந்தக் கெடுவும் இல்லை. 2015-இல் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தில் பெரும்பாலான விண்ணப்பங்களை ஆறு மாதத்தில் முடிப்பதே இலக்கு என்று அரசு அறிவித்திருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் சிக்கிய கோப்புக்கு அந்த இலக்கு பொருந்துவதில்லை.

பாஸ்போர்ட் விசாரணைக்குக் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தால், வந்தவரின் முகமாவது தெரியும், கேட்ட கேள்வியாவது தெரியும். இங்கே இரண்டும் இல்லை. ஐந்து டாலர் கட்டித் தகவல் அறியும் சட்டத்தில் தம் கோப்பின் குறிப்புகளைக் கேட்டு வாங்குவது கனடாவில் பி.ஆருக்குக் காத்திருப்பவர்களின் வழக்கமாகிவிட்டது. தகுதி: தேறியது. குற்றப் பின்னணி: தேறியது. மருத்துவம்: தேறியது. பாதுகாப்பு: நடைபெறுகிறது. அதற்குக் கீழே வருவது பெரும்பாலும் மறைக்கப்பட்ட பக்கங்கள்தான். மருத்துவப் பரிசோதனை 12 மாதம்தான் செல்லும் என்பதால், காத்திருக்கும் காலத்தில் திரும்பத் திரும்ப மருத்துவரிடம் போக வேண்டியிருக்கிறது.

தாமதத்துக்குக் காரணம் ஆபத்து என்று பொதுவாக நம்பப்படுகிறது. நெருப்பில்லாமல் புகையுமா, ஏதோ இருப்பதால்தானே இழுக்கிறது என்பார்கள். அது உண்மையா என்று பார்க்க அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு பரிசோதனையே நடந்து முடிந்திருக்கிறது. கனடாவில் இதைப் பேசுகிறவர்கள் அதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். சற்று விரிவாகவே சொல்ல வேண்டிய கதை அது.

கிரீன் கார்டு கேட்பவரின் பெயரை எஃப்.பி.ஐ.யிடம் அனுப்பிப் பார்ப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். 2001 செப்டம்பர் 11 வரை, அந்தப் பெயரில் முதன்மைக் கோப்பு ஏதும் உண்டா, அதாவது எஃப்.பி.ஐ. அவரையே விசாரித்திருக்கிறதா என்று மட்டுமே பார்த்தார்கள். தாக்குதலுக்குப் பிறகு முறை மாறியது. வேறு யாருடைய கோப்பிலாவது அந்தப் பெயர் ஓரமாக வந்திருந்தாலும் அதையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றானது. சாட்சியாக வந்திருக்கலாம், புகார் கொடுத்தவராக வந்திருக்கலாம், பாதிக்கப்பட்டவராகக்கூட வந்திருக்கலாம். 2002 இறுதியில், ஏற்கெனவே நிலுவையில் இருந்த 27 லட்சம் பெயர்களை மறுபடி சோதிக்கும்படி ஒரே மூச்சில் அனுப்பினார்கள்.

பெயர்களை அப்படியே தேடுவதில்லை. முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டுத் தேடுவார்கள். ஒலிப்பில் ஒத்தவற்றையும் சேர்ப்பார்கள். உலகத்தில் பலருக்குப் பொதுவாக இருக்கும் முகமது, லீ, வாங் போன்ற பெயர்கள் உடனே மாட்டும். குடும்பப்பெயரே இல்லாத தமிழர்களுக்கு இது வேறு விதத்தில் சிக்கல். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப்பெயராகும். பட்டச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு வரிசையில் அச்சாகும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பது விண்ணப்பிப்பவரின் பாடு.

நீதிமன்றங்களில் எஃப்.பி.ஐ. கொடுத்த வாக்குமூலங்கள் இதன் உள்விவரத்தை வெளியே கொண்டுவந்தன. குடியுரிமைக்காக வந்த பெயர்களில் சுமார் 68 சதவீதத்துக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ‘பதிவு இல்லை’ என்ற பதில் போய்விடும். இன்னொரு 22 சதவீதம் ஒன்றிரண்டு மாதங்களில் முடியும். மீதி 10 சதவீதத்துக்குத்தான் யாராவது உட்கார்ந்து கோப்பைப் படிக்க வேண்டும். பாதகமான தகவல் இருக்கக்கூடும் என்று கடைசியில் தேறுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அந்த 10 சதவீதக் கோப்புகள் எங்கே இருந்தன? காகிதமாக, நாடெங்கும் 265-க்கும் மேற்பட்ட இடங்களில். ஒரு வேதியியலாளரின் கிரீன் கார்டு மூன்றாண்டுகள் நின்றதற்கு, ஏதோ ஒரு கிளை அலுவலகத்தின் அலமாரியில் கிடந்த காகிதத்தை யாரும் எடுத்துப் பார்க்காததுகூடக் காரணமாக இருந்திருக்கலாம்.

2007 மே மாதத்தில் 3,29,160 பெயர்ச் சோதனைகள் நிலுவையில் இருந்தன என்று குடிவரவுத் துறையின் குறைகேள் அதிகாரி நாடாளுமன்றத்துக்கு அளித்த ஆண்டறிக்கை சொன்னது. அவற்றில் 1,06,738 ஓராண்டைத் தாண்டியவை. அந்த அறிக்கை எழுப்பிய வாதம் எளிமையானது, மறுக்க முடியாதது. விண்ணப்பித்தவர் ஏற்கெனவே நாட்டுக்குள்தான் இருக்கிறார். அவர் ஆபத்தானவர் என்றால், சோதனையை ஆண்டுக்கணக்கில் இழுப்பது நாட்டைப் பாதுகாப்பதாகாது. ஆபத்தானவருக்குக் கால அவகாசம் கொடுப்பதாகும்.

அதற்குள் நாடெங்கும் ரிட் மனுக்கள் குவிந்திருந்தன. முடிவெடு என்று அரசு அலுவலருக்கு ஆணையிடும் மாண்டமஸ் மனுக்கள் அவை. பல நீதிபதிகள் மனுதாரர் பக்கம் நின்றார்கள். 2008 பிப்ரவரியில் குடிவரவுத் துறை இறங்கி வந்தது: மற்ற எல்லாம் தேறி, பெயர்ச் சோதனை மட்டும் 180 நாட்களுக்கு மேல் நின்றால் கிரீன் கார்டைக் கொடுத்துவிடலாம், பிறகு ஏதாவது தெரியவந்தால் திரும்பப் பெறும் நடவடிக்கை எடுக்கலாம் என்றது. ஏப்ரலில் எஃப்.பி.ஐ.யும் குடிவரவுத் துறையும் சேர்ந்து படிப்படியான கெடு வைத்தன. முதலில் மூன்றாண்டு தாண்டியவை, அடுத்து இரண்டாண்டு, பிறகு ஓராண்டு. கூடுதல் ஆட்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. 2009 ஜூனில் 98 சதவீதம் 30 நாளிலும் மீதி 90 நாளிலும் முடியும் நிலை வந்தது.

சட்டம் மாறவில்லை. ஆபத்தும் குறைந்துவிடவில்லை. ஆள் கூடினார்கள், கெடு வந்தது, மலை கரைந்தது. ஏழு ஆண்டுகள் லட்சக்கணக்கானோரை நிறுத்தி வைத்தது பெரும்பாலும் நிர்வாகக் குறைதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. விசாவிலும் இதே கதைதான் நடந்தது. பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள தொழில்நுட்பத் துறைகளில் படிக்கவும் ஆய்வு செய்யவும் வருவோருக்கான ‘விசாஸ் மான்டிஸ்’ சோதனை 2003-இல் சராசரியாக 67 நாட்கள் எடுத்தது என்று அரசுத் தணிக்கை அலுவலகம் கண்டறிந்தது. குறை சுட்டிக்காட்டப்பட்ட பின், 2004 நவம்பரில் அது ஏறத்தாழ 15 நாளாகச் சுருங்கியது.

அந்தக் காலத்து மனநிலை எப்படி இருந்தது என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2006 பிப்ரவரியில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முன்னாள் இயக்குநரும் அப்போது சர்வதேச அறிவியல் மன்றத்தின் தலைவராக இருந்தவருமான கோவர்தன் மேத்தா, ஃபுளோரிடா பல்கலைக்கழக அழைப்பின் பேரில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா கேட்டார். வேதியியல் ஆய்வு ஆயுதத்துக்குப் பயன்படலாமே என்ற கேள்வியில் விசா மறுக்கப்பட்டது. இந்தியாவில் பெரும் கண்டனம் எழுந்தபின் விசா கொடுத்தார்கள். அவர் போகவில்லை. அவருக்குக் குரல் கொடுக்க ஒரு நாட்டு அறிவியல் உலகமே இருந்தது. நிரந்தர வதிவுரிமைக்குக் காத்திருக்கும், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய போஸ்ட்டாக் ஆய்வாளருக்கு அப்படி யாரும் இல்லை.

கனடாவுக்குத் திரும்புவோம். அங்கேயும் காத்திருப்பவரின் கையில் இருக்கும் ஆயுதம் மாண்டமஸ்தான். 1998-இல் கனடிய ஃபெடரல் நீதிமன்றம் கோனீய் வழக்கில் மூன்று கேள்விகளை வகுத்தது. இந்த மாதிரி வேலைக்கு இயல்பாக ஆகக்கூடிய காலத்தைவிட அதிகமாகிவிட்டதா? தாமதத்துக்கு விண்ணப்பித்தவர் காரணமில்லையா? அரசு திருப்தியான விளக்கம் தரவில்லையா? மூன்றுக்கும் ஆம் என்றால் தாமதம் நியாயமற்றது. அது சீசிஸ் விசாரணையில் நின்றுபோன ஒரு குடியுரிமை விண்ணப்பம் பற்றிய வழக்கு. பிறகு வந்த பல தீர்ப்புகளில், ‘பாதுகாப்புச் சோதனை நடக்கிறது’ என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு அரசு தப்பித்துக்கொள்ள முடியாது, ஏன் இவ்வளவு நாள் என்று விளக்க வேண்டும் என்று நீதிபதிகள் கூறியிருக்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதவைத் தட்ட முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். மனுவுக்கான கட்டணம் 50 டாலர்தான். வழக்கறிஞருக்கு ஆயிரக்கணக்கில் ஆகும். வழக்குப் போட்ட சில மாதங்களில் கோப்பு திடீரென்று நகர்ந்து, தீர்ப்புக்கு முன்பே சமரசமாக முடிவதும் உண்டு என்று குடிவரவு வழக்கறிஞர்கள் சொல்வார்கள். அப்படியானால் வரிசையில் முன்னால் போகிறவர் ஆபத்துக் குறைந்தவர் அல்ல, வழக்குப் போட வசதி உள்ளவர். பாதுகாப்பின் பெயரால் நடத்தப்படும் ஏற்பாட்டில் இது வெட்கக்கேடான நிலை.

தாமதம் ஒரு பக்கம் இருக்க, எதைத் தேடுகிறார்கள் என்பதும் மாறிக்கொண்டிருக்கிறது. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு உளவு, ஆட்சிக் கவிழ்ப்பு, பயங்கரவாதம் ஆகியவற்றில் ஈடுபட்டோருக்கும், அவற்றில் ஈடுபடும் அமைப்பின் உறுப்பினர்களுக்கும் கதவடைக்கிறது. நிரூபிக்க வேண்டியதில்லை, நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும். நடந்தது மட்டுமல்ல, இனி நடக்கக்கூடியதும் கணக்கில் வரும்.

2023 டிசம்பரில் ஃபெடரல் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பால் கிராம்டன் எழுதிய தீர்ப்பு இந்தக் கடைசி வாசகத்தின் வீச்சைக் காட்டியது. பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தில் படித்த ஓர் இளைஞர், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்கு வர விரும்பினார். நுண்ணிய குழாய்களில் திரவங்களைக் கையாளும் மைக்ரோஃபுளூயிடிக்ஸ் துறையில், மருத்துவப் பரிசோதனைகளுக்குப் பயன்படும் ஆய்வு செய்யத் திட்டம். அவர் எந்தத் தவறும் செய்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. படித்த பல்கலைக்கழகத்துக்குச் சீன ராணுவத் தொழிலோடு உள்ள தொடர்பு, தேர்ந்தெடுத்த துறை ஆகியவற்றைக் கொண்டு, எதிர்காலத்தில் சீன அரசு அவரைப் பயன்படுத்தக்கூடும் என்று விசா அதிகாரி முடிவெடுத்தார். பகை நாடுகள் புதிய வழிகளில் தகவல் திரட்டும் காலத்தில் உளவு என்பதற்கான புரிதலும் வளர வேண்டும் என்று சொல்லி, அதிகாரியின் முடிவு நியாயமானதே என்றார் நீதிபதி. அது மாணவர் அனுமதி பற்றிய வழக்கு. ஆனால் நிரந்தர வதிவுரிமைக்கும் அதே 34-ஆம் பிரிவுதான்.

நீதிபதியின் கவலை பொய்யல்ல. ஆனால் செய்ததைக் கொண்டு ஒருவரை எடைபோடுவதிலிருந்து, செய்யக்கூடியதைக் கொண்டு எடைபோடுவதற்கு நகர்ந்துவிட்டால், அதற்கு எதிராக எந்த ஆதாரத்தைக் காட்ட முடியும்? ஒருவர் 18 வயதில் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் என்பதே குற்றப்பத்திரிகையாகிவிடும்.

பல்கலைக்கழகப் பெயரை வைத்து மனிதரை மதிப்பிடுவது எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு டெஹ்ரானின் ஷரீஃப் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே உதாரணம். ஈரானிய ராணுவத்துடன் தொடர்பு என்று 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2014 ஜூலையில் ஒன்றியத்தின் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நவம்பரில் மறுபடி பட்டியலில் ஏறியது. அந்த இரண்டு மாதங்களுக்கும் நடுவில், ஆகஸ்டில், அதே பல்கலைக்கழகத்தில் படித்த மரியம் மிர்சாகானி கணிதத்தின் மிக உயர்ந்த கௌரவமான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண் ஆனார். கனடாவும் 2024 ஜனவரியில் சீனா, ஈரான், ரஷ்யாவைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றோடு இப்போது தொடர்பு வைத்திருப்போர் பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள தொழில்நுட்ப ஆய்வுகளில் இருந்தால், அந்த ஆய்வுக்கு ஃபெடரல் அரசின் நிதி கிடையாது. பட்டியல் ஆய்வு நிதிக்காகப் போடப்பட்டது, குடிவரவுக்காக அல்ல. குறைந்தபட்சம் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் பட்டியல். கோப்பில் என்ன கேள்வி எழுந்தது என்றே தெரியாமல் காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஈரானிய ஆண்களுக்கு இன்னொரு முடிச்சு. அங்கே 18 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு. எந்தப் படையில் போடுவது என்பதை அரசு முடிவுசெய்கிறது. புரட்சிக் காவல் படைக்கு அனுப்பினால் அங்கேதான் போக வேண்டும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவும், 2024 ஜூனில் கனடாவும் அந்தப் படையைப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தன. சமையலறையிலோ எழுத்தர் மேசையிலோ கழிந்த சேவைக் காலம், பத்தாண்டுக்குப் பின் ஒரு பொறியியல் ஆய்வாளரின் கோப்பில் பயங்கரவாத அமைப்பின் உறுப்பினர் என்ற சந்தேகமாக வந்து நிற்கிறது. கட்டாயத்தின் பேரில் போனதாக வாதிடலாம்; அதை எடுத்துக்காட்டும் பாரம் விண்ணப்பிப்பவர் தலையில்.

இலங்கைத் தமிழர்களுக்கு இது அந்நியமான அனுபவம் அல்ல. 2006-இல் கனடா விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. வன்னியில் புலிகளின் நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்த ஒருவர், அந்த அமைப்போடு எப்போதாவது தொடர்பு இருந்ததா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை எழுதுவது எளிதல்ல. உறுப்பினர் என்பதை விரிவாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கனடிய நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கனடியச் சட்டத்தின் முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று பிறந்ததும் ஒரு தமிழரின் வதிவுரிமை விண்ணப்பத்தின் பின்னணியில்தான். மாணிக்கவாசகம் சுரேஷ் 1991-இல் அகதியாக ஏற்கப்பட்டு, அதே ஆண்டில் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1995-இல் புலிகளுக்கு நிதி திரட்டியவர் என்று பாதுகாப்புச் சான்றிதழ் பிறப்பித்து அவரைக் காவலில் எடுத்தார்கள். 2002 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சித்திரவதை அபாயமுள்ள நாட்டுக்கு ஒருவரை அனுப்பும் முன் அவருக்கு எதிரான விவரங்களைச் சொல்ல வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், முடிவுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றது.

அந்த மூன்று உரிமைகளும் நாடுகடத்தப்படும் நிலையில் இருப்பவருக்குக் கிடைத்தவை. மறுக்கப்படும் நிலையில் இருக்கும் விண்ணப்பதாரருக்கும் ஒரு கடிதம் வரும், பதில் சொல்ல நாள் கிடைக்கும். மறுப்பும் இல்லாமல் ஏற்பும் இல்லாமல் காத்திருப்பவருக்கு எதுவும் இல்லை. முடிவு எடுக்கப்படாதவரை எதிர்க்க ஒரு முடிவு இல்லை. காரணம் கேட்க ஒரு கட்டம் இல்லை. ஒருவரை மறுக்கப் போதிய ஆதாரம் இல்லாதபோது தாமதிப்பதே வசதியான மறுப்பாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் ஆழமான கேடு இதுதான்.

அந்தக் காத்திருப்பு ஆய்வாளரின் வாழ்க்கையை எப்படி அரிக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கனடியப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பணி விளம்பரங்களில், கனடியர்களுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் முன்னுரிமை என்ற வரி இருக்கும். பி.ஆர். கிடைக்காதவரை அந்த வரி கண்முன்னே நிற்கும். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனங்களின் பல பயிற்சி உதவிகளும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆய்வு உதவித்தொகையும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். ஒரு போஸ்ட்டாக்கின் வாழ்வில் 30 முதல் 36 வயது வரைதான் சொந்த ஆய்வகத்துக்கான காலம். அந்த ஆறு ஆண்டுகளில் மூன்று போய்விட்டால், பிறகு கிடைக்கும் அட்டை அவற்றைத் திருப்பித் தராது. விசா தீர்ந்த நிலையில் நாட்டை விட்டு வெளியேறினால் திரும்ப முடியுமோ என்ற பயத்தில் பெற்றோரின் சாவுக்கும் போகாமல் இருந்தவர்கள் உண்டு.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் எங்கே வேலை செய்கிறார்? அதே ஆய்வகத்தில்தான். நிரந்தர வதிவுரிமை ஆய்வகத்தின் சாவி அல்ல. அது இல்லாத காலத்திலும் அவர் அதே கருவிகளைத் தொடுகிறார், அதே தரவுகளைப் பார்க்கிறார், அதே கூட்டங்களில் உட்காருகிறார். ரகசியத்தைக் காப்பதுதான் நோக்கம் என்றால் சோதனை அவர் ஆய்வகத்துக்குள் வரும் முன் நடந்திருக்க வேண்டும். பிரிட்டன் அந்த வகையில் நேர்மையாக நடக்கிறது. 2007 முதல் அங்கே ஏடாஸ் என்ற அனுமதித் திட்டம் இருக்கிறது. பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள தொழில்நுட்பத் துறைகளில் சேரும் பெரும்பாலான வெளிநாட்டு மாணவர்கள் விசாவுக்கு முன்பே அதைப் பெற வேண்டும். 2021 மே முதல் ஆய்வாளர்களுக்கும் அது பொருந்தும். அங்கும் தாமதம் உண்டு, காரணம் சொல்லாத மறுப்பு உண்டு. ஆனால் குடும்பத்தோடு வேரூன்றியபின் ஏழாம் ஆண்டில் வந்து யார் நீ என்று கேட்பதைவிட, வாசலிலேயே கேட்பது மேல்.

நெதர்லாந்தின் பாதை இன்னொரு எல்லையைக் காட்டியது. ஈரானின் அணுத் திட்டம் பற்றிய ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2006-ஆம் ஆண்டுத் தீர்மானத்தைக் காட்டி, ஈரானியர் எல்லோரையும் சில அணுவியல் படிப்புகளிலிருந்தும் நிலையங்களிலிருந்தும் டச்சு அரசு விலக்கியது. 2012 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது பாகுபாடு என்று தள்ளியது. ஒரு நாட்டில் பிறந்தவர் என்பது விசாரிக்கக் காரணமாகலாம். விசாரிக்காமலே விலக்கக் காரணமாகாது.

2025 ஏப்ரலில் அமெரிக்கக் குடிவரவுத் துறை, கிரீன் கார்டு கேட்பவர்களின் சமூக ஊடகப் பதிவுகளில் யூத வெறுப்புக் கருத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்கப் போவதாக அறிவித்தது. ஆய்வகத்தைக் காக்கத் தொடங்கிய சோதனை இப்போது பேச்சையும் அளக்கிறது. சியான் சூசென் எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்று கேட்ட அதே கேள்விதான் இது; இன்று அதைக் கேட்கத் தேவையான தரவு லட்சம் மடங்கு அதிகமாகக் கையில் இருக்கிறது.

செய்யக்கூடியவை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. பெரும்பாலானவை எங்காவது ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டவை. அமெரிக்கா 2008-இல் வைத்ததுபோல் 180 நாள் கெடு வைக்கலாம்; அதன்பின் வதிவுரிமையைக் கொடுத்து, பாதகமாக ஏதாவது தெரிந்தால் சட்டப்படி திரும்பப் பெறலாம். 2007-இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஷர்காவி வழக்கில் ரகசியச் சாட்சியத்தின் மீது நடந்த பழைய நடைமுறையைத் தள்ளியபின், பாதுகாப்பு அனுமதி பெற்ற சிறப்பு வழக்கறிஞர்கள் என்ற ஏற்பாடு வந்தது. ரகசியக் கோப்பைப் படித்து, சம்பந்தப்பட்டவர் சார்பில் கேள்வி கேட்பவர்கள் அவர்கள். நெடுநாள் நிற்கும் வதிவுரிமைக் கோப்புகளுக்கும் அப்படி ஒருவர் இருக்கலாம். அதற்கும் முன்னால், நேரில் அழைத்து ஒரு மணி நேரம் பேசலாம். ஈரானியக் கட்டாயச் சேவை பற்றிய சந்தேகம், தமிழ் இனிஷியல் பற்றிய குழப்பம், பழைய பல்கலைக்கழக ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிய கேள்வி போன்றவை பலவும் அந்த ஒரு மணி நேரத்தில் தீரக்கூடியவை.

கனடாவில் சீசிஸ் மீது புகார் சொல்ல 2019 முதல் ஒரு தனி மறுஆய்வு முகமை இருக்கிறது. ஆனால் அதே சோதனையில் பாதி வேலையைச் செய்யும் எல்லைச் சேவைகள் முகமைக்கு வெளியிலிருந்து புகார் விசாரிக்கும் அமைப்பே நெடுங்காலம் இருந்ததில்லை. 2024 அக்டோபர் இறுதியில்தான் அதற்கான ஆணையத்தை உருவாக்கும் சட்டம் நிறைவேறியது. அந்த ஆணையம் வேலையைத் தொடங்கும்போது தாமதப் புகார்களைச் சேவைக் குறைபாடு என்று ஓரமாக வைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கோப்புக்கும் தேதி கேட்க வேண்டும்: எந்த நாளில் வந்தது, கடைசியாக எந்த நாளில் யார் திறந்து பார்த்தார், எந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நிற்கிறது, அந்தக் கேள்வி விண்ணப்பித்தவரிடம் எப்போதாவது கேட்கப்பட்டதா.